வேலி தாண்டிய கடல் தேங்காய்

பிராலின் தீவின் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் எல்வினா, பின்முற்றத்தில் அபூர்வப் பனை விதையான கடல் தேங்காய் ஒன்றைப் பாதி புதைத்து ஒன்றரை வருடமாகிவிட்டது. காய் வெடித்து, கயிறு போல ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கியதைப் பார்த்திருந்தாள். அந்தத் தண்டு மண்ணுக்கடியிலேயே நெடுந்தூரம் ஓடித்தான் முளைவிடும். ஆனால் முற்றத்தில் எங்கும் முளை தலைகாட்டவில்லை. போய்விட்டதென்றே மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகர வேலியின் இடுக்கு வழியே பார்த்தவள் திகைத்தாள். பக்கத்து வீட்டு ஜெர்வே, ஈட்டி போல நிமிர்ந்த ஒரு முளைக்கு ஓலைப்பந்தல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய சீமைப்பலாக் கிளையை அவன் வெட்டியதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"அது என் தேங்காய்!"

"தெரியும். ரெண்டு மாசமா இங்கதான் குடியிருக்கு."

"சொல்றதுக்கு வாயில்லையா?"

"மூஞ்சியிலயே முழிக்காதேன்னு சொன்னது யாரு?"

வேலியிலிருந்து முளை வரை அவன் வளர்த்திருந்த மரவள்ளிச் செடிகளில் ஒன்றுகூட இல்லை.

"மரவள்ளியெல்லாம் எங்கே?"

"பிடுங்கிட்டேன். கிழங்கு தோண்டறப்போ மண்வெட்டி பட்டுத் தண்டு அறுந்துட்டா? இது இன்னும் அந்தத் தேங்காயைத்தானே தின்னு வளருது."

எல்வினா வேலித் தகரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தகரத்தைக் கழட்டு, ஜெர்வே. நானும் கிட்ட வந்து பார்க்கணும்."

அவன் சுத்தியல் எடுக்க உள்ளே ஓடினான்.