மூடாத வில்லுக்கத்தி

என் அக்காவின் கணவர் பரமலிங்கம் அருமையாக நாதஸ்வரம் வாசிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவரைத் திட்டத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.

நான் கஜானன். பன்னிரண்டு வருடமாக அளவெட்டியில் இந்த அத்தானுக்குப் பக்கத்தில் நின்று தவில் வாசிக்கிறேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கு உருப்படியாக ஒரு தனி கிடைத்ததில்லை. தனி என்றால் நாதஸ்வரம் ஓய்ந்து நிற்க, தவில்காரன் மட்டும் தன் கைவரிசையைக் காட்டுகிற நேரம். ஊரில் உள்ள மற்றத் தவில்காரருக்கெல்லாம் கால் மணி, அரை மணி கிடைக்கும். எனக்கு மட்டும் இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் அத்தான் நாதஸ்வரத்தைத் தூக்கி வாயில் வைத்துவிடுவார். கேட்டால், "சனம் அலுத்துப்போகுமடா" என்பார். சனமாவது அலுப்பதாவது! அவருக்குச் சும்மா நிற்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வருடம் எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கொக்குவிலிலிருந்து தம்பிஐயா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே ஒரு கோயிலில் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு மேளகாரரைப் பிடிப்பது அவர்தான். "நாதஸ்வரம் கேட்டிருக்கிறன். தவிலைத்தான் கேக்கோணும்" என்றாராம். அத்தான் என் தலையில் கைவைத்து, "அம்மாளாணை, உனக்குக் கால் மணித்தியாலம் தாறன்" என்று சத்தியம் பண்ணினார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இதற்குள்தான் கத்தி வந்து புகுந்தது.

நாதஸ்வரத்தின் வாயில் செருகும் நாணல் துண்டைச் சீவாளி என்போம். அதன் நுனியை அடிக்கடி மெல்லச் சீவவேண்டும். அதற்கு அத்தான் வைத்திருந்தது ஒரு பழைய வில்லுக்கத்தி, அதாவது மடக்குக்கத்தி. பூட்டு என்று ஒன்றுமில்லாத சாமான். கொஞ்சம் அழுத்தினால் அதுவாகவே மடிந்து விரலைக் கடிக்கும். தேருக்குப் பத்து நாள் இருக்க, அவருடைய இடதுகைச் சுட்டுவிரலைக் கடித்துவிட்டது. அந்த விரல் போனால் நாதஸ்வரம் போச்சு, என் கால் மணித்தியாலமும் போச்சு. உடனே யாழ்ப்பாணம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன்.

விரித்தால் "டக்" என்று ஒரு சத்தம். பிடிக்குள்ளே இருக்கும் இரும்புத் தகடு ஒன்று விலகிவந்து, அலகின் பின்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்கும். அந்தத் தகட்டைப் பெருவிரலால் தள்ளினால்தான் கத்தி மடியும். "மாடு மிதிச்சாலும் மூடாது" என்றார் கடைக்காரர். மனுஷன் வாயில் சர்க்கரைதான் போடவேண்டும், அப்படியே பலித்தது.

அத்தான் கையில் வாங்கினார், முகத்தைச் சுளித்தார்.

"பூட்டு நல்லாய்த்தான் இருக்குது. பிடி சரியில்லையடா. உள்ளங்கையை அறுக்குது."

பிடி பிஸ்கட் தகரத்தின் மூடிபோல மெல்லியது. அதில் விரல் வைக்க நாலு பள்ளம் வேறு. அத்தானின் விரல் ஒன்றுகூட அந்தப் பள்ளத்தில் விழவில்லை, எல்லாம் மேட்டிலேயே ஏறி நின்றன.

"உது ஆரின்ரை விரலுக்குக் கணக்குப் பாத்துச் செய்தவங்கள்?" என்றார்.

"கொஞ்ச நாள் பிடியுங்கோ அத்தான், பழகிடும்."

"நான் பழகோணுமோ? கத்தி பழகட்டும்."

நூல்கட்டையை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். சீவாளிக்கு நூல் சுற்றுவதில் அவரை அடிக்க வலிகாமத்தில் ஆளில்லை. முப்பது வருடமாக அவர் சுற்றிய நூல் ஒன்றாவது இளகியதில்லை. அதே சுற்று, கத்திப்பிடிக்கு மூன்று அடுக்கு, மேலே மெழுகு. முடித்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பூனைக்குட்டியைத் தூக்கினமாதிரி என்ன சுகம்! பிடிச்சுப் பார் கஜன்."

பிடித்தேன். உண்மையாகவே சுகமாகத்தான் இருந்தது. மூடலாம் என்று தகட்டைத் தேடினேன். தகடு மூன்று அடுக்கு நூலுக்குள்ளே சமாதியாகி இருந்தது. ஆள் கத்தியை விரித்து வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறார்!

"அத்தான், இனி உது மூடாது. நூலை அவிழுங்கோ."

"நான் சுத்தின நூலை நானே அவிழ்க்கிறதோ? விசரே உனக்கு?"

அன்று தொடங்கிய கூத்து. விரித்த கத்தியோடு மனுஷன் சாப்பிட இருந்தார், தேத்தண்ணி குடித்தார், வாசல் படலையில் நின்று ஆட்களோடு கதைத்தார். என் அக்கா குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "உவர் கத்தியோடை நிக்கிறதைப் பாத்துத் தபால்காரன் காயிதத்தை மதிலுக்கு மேலாலை எறிஞ்சுபோட்டு ஓடுறான்" என்றாள்.

தேரன்று காலை கத்தியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. மடியில் செருகினால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தான் யோசித்தார். மேலதிகச் சீவாளிகளை நூலில் கட்டி நாதஸ்வரத்தின் தலையில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். அவற்றோடு கத்தியையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கூர் படாமல் இருக்க நுனியில் ஒரு பெரிய தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, குத்தினார்.

சனத்துக்கு அது பிடித்துப்போனது. நாவூறு கண்ணூறு படாமல் தேசிக்காய் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தேர் கிழக்கு வீதிக்குத் திரும்பியபோது, தம்பிஐயா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பதைக் கண்டேன். தவில் நாடாவை இழுத்துச் சரிசெய்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்து வீட்டு இராசமலர் மாமி கிட்ட வந்தார். பக்தியோடு தேசிக்காயைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போயே போய்விட்டார்.

அத்தான் ஊதிக்கொண்டிருந்தார், வாயைத் திறந்து தடுக்கவும் முடியாது. கண் மட்டும் பிதுங்கியது. கீர்த்தனையை அள்ளிக் கட்டி அவசரமாக முடித்து, நாதஸ்வரத்தைக் கீழே இறக்கி, எனக்குத் தலையசைத்தார்.

நான் தொடங்கினேன்.

முதல் நிமிடம் கை கட்டையாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் சூடு ஏறியது. மூன்றாவது நிமிடம், கடைக்கண்ணால் பார்க்கிறேன், படுபாவி நாதஸ்வரத்தைத் தூக்குகிறார்! சத்தியமெல்லாம் காற்றோடு போச்சு. ஆனால் தூக்கியதும் கத்தி ஆடிக்கொண்டு நேரே அவருடைய தொண்டைக்குப் போனது. இறக்கினார். சரித்துத் தூக்கினார், கத்தி தொப்புளுக்கு வந்தது. முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவிழுமா? கடைசியில் கத்தி தன்மேல் படாமல் இருக்க நாதஸ்வரத்தைக் கை நீட்டி எட்டப் பிடித்தார். எட்ட என்றால் என் பக்கம்.

தவில் தொங்கும் தோள்நாடாவில் "சரக்" என்றது. நாடா பாதி அறுந்துவிட்டது. நிறுத்தலாமா? பன்னிரண்டு வருடம் காத்துக்கிடந்து கிடைத்த மூன்றாவது நிமிடம் அது. நிறுத்தவில்லை. மீதி நாடாவும் போனது. தவில் சரிய, அதோடு நானும் சரிந்து, சுடுமணலில் சப்பணம் கட்டி உட்கார்ந்து வாசித்தேன். அடி ஒன்றும் தப்பவில்லை. முதுகுக்குப் பின்னால் தேர் நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் "அரோகரா" போட்டுப் பார்த்தார்கள். "முன்னுக்கு என்ன, ரெயில் கேற்று பூட்டிக் கிடக்கோ?" என்று ஒருவர் கத்தினார். போகட்டும் என்று விட்டேன்.

ஒருதரம் நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் ஊதும் ஆசையைக் கைவிட்டிருந்தார். ஒரு கையில் நாதஸ்வரத்தை நீட்டிப் பிடித்தபடி, மறு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். தலை தானாக ஆடியது. "அடடா!" என்றார். எனக்கு, என்னுடைய தவிலுக்கு! கண் நிறைந்துவிட்டது. வியர்வை என்று சொல்லலாம், ஆனால் அழுதேன்.

முடித்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. நாடா அறுந்து, நடுவீதியில் குந்தியிருந்து, தேரையும் மறித்தாயிற்று. இருபத்தைந்து நாளும் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்க, தம்பிஐயா வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"ஏன் தம்பி நிலத்தில இருக்கிறீர்?"

"நாடா அறுந்துபோச்சு ஐயா."

"எப்ப?"

"தொடக்கத்திலேயே."

"அப்பிடியோ? நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ கேட்டனான்." இடுப்புச் சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டார். பிறகு, "இருபத்தைஞ்சு நாளும் வாருங்கோ. ஆனால் ஒவ்வொரு நாளும் உப்பிடி ஒரு தனி வேணும்" என்றார். அத்தான் பக்கம் திரும்பி, "தம்பி வாசிக்கேக்கை குறுக்கை போகாமல் நிண்டியளே, அது பெரிய மனசு" என்றார்.

"ஓம், தவிலுக்கு நான் எப்பவும் இடம் குடுக்கிறனான்" என்றார் அத்தான். கூசாமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானின் சவர பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இண்டைக்கு உந்த நூலை வெட்டி, கத்தியை மூடி அலுமாரிக்குள்ளை வைக்கிறன். என்னப்பா சொல்லுறியள்?" அத்தான் தொண்டையைத் தடவிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, உதிலை கைவையாதை. இருபத்தைஞ்சு நாளும் முடியட்டும்."

"ஐயோ, திரும்பவும் தேசிக்காயோ?"

"என்ரை தனி நேரத்திலை தேசிக்காயும் வேண்டாம்" என்றேன்.