இரண்டாவது முக்காலி

அப்பாவிடம் இரண்டு மடக்கு முக்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் இரைப்பெட்டி உட்காரும். மகன் பெரியவனுக்குப் புல்தரை. விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் பிடிக்க நீர்த்தேக்கக் கரைக்குப் போனால் அப்பாவும் இரைப்பெட்டியும் சரிசமமாக வீற்றிருப்பார்கள். இவன் பின்னால் ஈரப்புல்லில் கால்சட்டையை நனைத்துக்கொண்டு கிடப்பான். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் உட்காரட்டுமா என்று கேட்டிருக்கிறான். "எறும்பு ஏறும்" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு அவன் கேட்கவில்லை. அப்பாவுக்கே ஒரு நாள் தோன்றும், வாடா உட்கார் என்பார் என்று காத்திருந்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காகத் தனிக்கடை போட்டு, காதோரம் நரைத்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் காத்திருந்தான். சிரிக்க வேண்டாம். ஊரில் பெரிய பெரிய ஆசையெல்லாம் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள், இவனுக்கு ஒரு முக்காலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரைப்பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். முக்காலியைக் கைக்குட்டையால் இரண்டு தட்டு தட்டினார்.

"உட்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை என்றால் பெரியவனின் தங்கையைக் கட்டியவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த முதல் நாளே, அப்பாவின் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஊசி அளவுத் திருப்புளியை எடுத்து அங்கேயே முறுக்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். அந்தக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தது பெரியவன். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பெரியவன் என்ற பெயரும் அப்படித்தான். பின்னால் ஒரு தம்பி வருவான் என்று நம்பிக் கூப்பிட ஆரம்பித்தது. வந்தது தங்கை. சிறியவன் இல்லாமலே இவன் பெரியவனாக இருந்துவிட்டான்.

அப்பா துணி சுற்றி வைத்திருந்த ரீலை எடுத்துத் தூண்டில் கோலின் மேல் பொருத்தினார்.  அந்த ரீலை அப்பா யாரையும் தொட விடுவதில்லை. சாதாரண ரீலில் உருளை சும்மா நிற்கும், தூண்டில் நரம்பு மட்டும் கழன்று ஓடும். பச்சைப்பிள்ளைகூட வீசலாம். இதில் அப்படியில்லை. நரம்பு நுனியில் கட்டிய ஈயக்குண்டு பறக்கும்போது உருளையே சுழலும். குண்டு காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை தன்பாட்டுக்குச் சுழன்றால், போக இடமில்லாத நரம்பெல்லாம் அங்கேயே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். அதனால் கட்டைவிரலை உருளைமேல் பட்டும் படாமலும் வைத்திருந்து, குண்டு தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். அதற்கு உதவியாகப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. இறுக்கினால் உருளை அடங்கி நடக்கும், தளர்த்தினால் பேய் பிடித்ததுபோல் சுழலும்.

"புதுசா பிடிக்கிறவருக்கு நல்லா இறுக்கியே வைப்போம்" என்று அப்பா திருகைத் திருகினார். குண்டை மெதுவாக இறங்கவிட்டுப் பார்த்தார். தரையைத் தொட்டதும் உருளை நின்றது. "அவசரமே வேணாம். சாட்டை வீசற மாதிரி வெடுக்குன்னு வீசாதீங்க. பக்கவாட்டுல மெல்லமா கொண்டு போங்க. மத்ததை விரல் பார்த்துக்கும்."

பெரியவன் கேட்டுக்கொண்டிருந்தான். இதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குச் சொல்லப்பட்டதில்லை.

அவன் கைக்கு அந்த ரீல் ஒரே ஒரு தடவை வந்தது, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. வீசினான். கூடு கட்டியது.  அப்பா இரைப்பெட்டியிலிருந்த கத்தியை எடுத்து, நரம்பு மொத்தத்தையும் அறுத்து அவன் மடியில் போட்டார். பிறகு அவன் வலது கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கி, கரையிலிருந்த ஆட்களுக்கெல்லாம் காட்டினார். "இங்க பாருங்க, இதுக்குப் பேரு விரலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிக்கு விழுந்தால் தப்பு ரீல்மேல் கிடையாது, விரல்மேல்தான் என்பது அப்பாவின் கட்சி. ரீலைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"டேய் பெரியவனே, மாப்பிள்ளைக்கு முள்ளைக் கட்டிக் கொடு" என்று அப்பா கோலை நீட்டினார்.

நரம்பின் நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டினான். அப்பா மாப்பிள்ளையிடம் தோளைத் தளர்வாக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவனின் விரல் திருகிடம் போயிற்று. அவன் ஒன்றும் பிறவிப் பாதகன் இல்லை. கத்தி வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மடியில் அறுந்த நரம்பைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை எப்படி உட்காருவார் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். திருகைத் தளர்த்திக் கோலைக் கொடுத்தான்.

மாப்பிள்ளை சொன்னபடியே பக்கவாட்டில் மெல்ல வீசினார். ரீல் கிறீச்சிட்டது. நரம்பு புஸ்ஸென்று பொங்கியது. வெடுக்கென்று இழுபட்ட வேகத்தில் முனை அறுந்து, முள்ளும் குண்டும் மட்டும் பறந்து தண்ணீரில் விழுந்தன.

பெரியவன் இரைப்பெட்டியை அப்பாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தான். கத்தி மேலாகவே கிடந்தது.

"அட, விழுந்துடுச்சா" என்றார் அப்பா. "விழட்டும் மாப்பிள்ளை. நமக்கென்ன ரயிலைப் பிடிக்கணுமா? இப்படி வாங்க."

தன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உருளையை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வளையம் வளையமாக நரம்பை இழுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அழுத்தினார், அப்பா இழுத்தார். இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்திருந்தன. அப்பாவின் கை அத்தனை மெதுவாக நகரும் என்று பெரியவனுக்கு இதுநாள்வரை தெரியாது. அவன் பார்த்தவரையில் அது ஓங்குகிற கை.

சரி, முதல் தடவை, புது மாப்பிள்ளை, மரியாதைக்காகச் செய்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பொறுமைக்கும் ஒரு எல்லை இல்லையா? மறுபடி முள் கட்டும்போது இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். எதிர்காற்றும் சேர்ந்துகொண்டது. இந்தத் தடவை விழுந்தது கூடு இல்லை, கோபுரம்; முள்ளும் குண்டும் மறுபடி அறுந்து போயின.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு. "முன்னதைவிட இது பெரிசு" என்று முக்காலியை இன்னும் நெருக்கமாகப் போட்டார். இழுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். குடிநீர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்ப்பை அணைக்க மறந்துவிட்டாராம். தொட்டி வழிந்து, தெருவெல்லாம் வெள்ளம். "மேலதிகாரி வந்து நின்னாரு மாப்பிள்ளை.  தொட்டிக்குப் பின்னால போய் அழுதேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன்."

"அப்புறம் என்ன ஆச்சு மாமா?"

"அவரும் பின்னாலயே வந்தாரு. பக்கத்துல உட்கார்ந்தாரு. ஒண்ணுமே சொல்லல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போனாரு. மனுஷன்னா அவர்."

அப்பா அழுவார் என்பதையே பெரியவன் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். அதையும் அவனுக்கா சொன்னார்? அவன் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டான்.  வந்தது கோபமா, அழுகையா, இரண்டும்தான். மூன்றாவது முள்ளைக் கட்டினான். திருகைக் கழன்று விழாத குறையாகத் தளர்த்திவிட்டான்.

மூன்றாவது சிக்கை எடுக்கும்போது அப்பா மாப்பிள்ளையின் கட்டைவிரலைப் பிடித்து, அதன்மேல் தன் விரலை வைத்து, "இப்படி, பட்டும் படாம. புரியுதா?" என்று உருளையைச் சுழற்றிக் காட்டினார். அதே விரல். கரை முழுக்கத் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்தாரே, அதே மாதிரி ஒரு விரல்தான். பெரியவனால் அதற்குமேல் வாயைக் கட்ட முடியவில்லை.

"எனக்கு மட்டும் ஏம்ப்பா கத்தியை எடுத்தீங்க?"

அப்பா நிமிர்ந்தார். "எப்போ?"

"சின்ன வயசுல. இதே ரீல். நரம்பு பூரா அறுத்து என் மடியில போட்டீங்க."

அப்பா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஞாபகம் இல்லையே" என்றார். "இருக்கும். உன்கிட்ட நேரத்தை வீணாக்குவானேன்னு நினைச்சிருப்பேன். ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, மாப்பிள்ளைக்கு ஊத்து."

ஊற்றினான். வேறு என்ன செய்வான்? அவன் இத்தனை வருடம் நெஞ்சில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. டீயைக் கொடுத்துவிட்டு நிற்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. மாப்பிள்ளைக்குக் குழி பறிப்பதாக நினைத்துக்கொண்டு, காலையிலிருந்து அவருக்கு மெத்தை விரித்துக்கொண்டிருக்கிறான். சிக்கு விழ விழ அப்பா அங்கே உட்காருகிறார். சிக்கே விழாவிட்டால் எழுந்துவிடுவார். சனியன், இது முதலிலேயே தோன்றியிருக்கக் கூடாதா?

நான்காவது முள்ளைக் கட்டித் திருகை நன்றாக இறுக்கினான். குண்டை இறங்கவிட்டுச் சோதித்தும் பார்த்தான். மாப்பிள்ளை வீசினார். நரம்பு அழகாக ஓடியது, குண்டு தொலைவில் டுப்பென்று விழுந்தது, ரீல் சமர்த்தாக நின்றது.

"பாத்தீங்களா? விரலுக்குப் புத்தி வந்துடுச்சு" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். செய்ய ஒன்றும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாணல் ஓரமாகப் போட்டிருந்த தன் தூண்டிலைப் பார்க்கப் போனார்.

மாப்பிள்ளை தண்ணீர் ஓரத்தில் நின்றார். இரண்டு முக்காலியும் காலியாக இருந்தன. பெரியவன் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, இரண்டாவதில் உட்கார்ந்தான். ஒரு கால் மண்ணில் புதைந்து முக்காலி சாய்ந்தது. பெரிய சுகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தான். அப்பா திரும்பி வரும்போது இங்கேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். எழுந்திரு என்று வாயால் சொல்லட்டும், பார்ப்போம்.

மாப்பிள்ளை நரம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"மச்சான், இந்தத் தடவை இறுக்கிட்டீங்க போல" என்றார்.

பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. "எதை?"

"திருகைத்தான். ரெண்டாவது சிக்கு விழுந்தப்பவே தெரிஞ்சுது. திருகோடதானே எனக்குப் பொழப்பே. அரைச் சுத்து தளர்ந்தாலும் கை சொல்லிடும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மாப்பிள்ளை நாணல் பக்கம் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. "எங்கப்பா என் பக்கத்துல அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல உட்கார்ந்ததில்ல மச்சான். உங்களுக்கு இதோட அருமை தெரியாது. வாரா வாரம் கிடைக்குது."

பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

"பழையபடி தளர்த்தி விட்டுடுங்க" என்று மாப்பிள்ளை கோலை நீட்டினார். "நான் பண்ண முடியாது. மாமா என் கையையேதான் பார்த்துக்கிட்டு இருக்கார். உங்க கையை யாரு பார்க்கப் போறா?"

"முடியாதுன்னா?"

"காலையிலேர்ந்து யாரு தளர்த்தினான்னு சொல்ல வேண்டி வரும். எதுக்கு மச்சான் அதெல்லாம்?" என்று சிரித்தார். நல்ல மனிதர் சிரிக்கிற சிரிப்புதான். "அப்புறம், கொஞ்சம் எழுந்திரிங்க. மாமா வர்றார்."

பெரியவன் எழுந்தான். கோலை வாங்கினான். பட்டப்பகலில், யாரும் அவனைப் பார்க்கவில்லை. திருகைத் தளர்த்தினான்.

அப்பா வந்து நிற்கவும் மாப்பிள்ளை வீசவும் சரியாக இருந்தது. ரீல் கிறீச்சிட்டு, நரம்பு பொங்கி, நாலா பக்கமும் வழிந்தது. மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளையாக அப்பாவைப் பார்த்தார்.

"அடடா, மறுபடியுமா?" அப்பாவின் முகம் மலர்ந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடாத குறையாக வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சிக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நிஜமாகவே மோசமான சிக்கு.

"டேய் பெரியவனே" என்றார். "அந்தக் கத்தியை எடுத்து உள்ள வைடா. கண்ணுல பட்டா வெட்டிடலாம்னு கை போகும். பாவம், கத்துக்கிறவரு."

பெரியவன் கத்தியை எடுத்தான். உள்ளே வைக்க இரைப்பெட்டியின் மூடியைத் தூக்கினான். பெட்டி முழுக்க எறும்பு. புழு டப்பாவில், ரொட்டி உருண்டையில், ஈயக்குண்டுகளின் மேல், எல்லா இடத்திலும் மொய்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, பெட்டியில எறும்பு ஏறிடுச்சு" என்றான்.

"ஏறட்டும்டா" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.