பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு

என் மகள் வெள்ளை முடியும் வெள்ளை இமையுமாகப் பிறந்தாள். மாமியார் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வார்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. என் கணவர் வாயில் கொழுக்கட்டை. இது அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வருவது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். எட்டு மாதமாகிறது, பெற்ற பிள்ளையை ஒரு தடவை தூக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

மாடியில் வீடு, கீழே இவருடைய பறவைக் கடை. லவ் பேர்ட்ஸை ஜோடி சேர்ப்பதில் இவர் புலி.

நேற்று ஒருவர் கூண்டும் கையுமாக வந்து சண்டைக்கு நின்றார். "பச்சை ஜோடின்னுதானே வித்தீங்க? நீலக் குஞ்சு பொரிச்சிருக்கு. இந்தப் பெட்டை வேற எதோடயோ சேர்ந்திருக்கு. மாத்திக் கொடுங்க."

இவர் சிரித்தார். "பாவம், பெட்டை மேல பழி போடாதீங்க. ரெண்டுக்குள்ளயும் நீலம் ஒளிஞ்சிருக்கு. ஒரு பங்கு மட்டும் இருந்தா பச்சை அதை அமுக்கிடும், வெளிய தெரியாது. அம்மா ஒரு பங்கு, அப்பா ஒரு பங்கு கொடுத்தாத்தான் குஞ்சு நீலமாகும். தலைமுறை தலைமுறையா ஒளிஞ்சே வரும் சார்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தீனி அளந்துகொண்டிருந்த எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிளிக்கு வக்காலத்து வாங்கத் தெரிந்த வாய்!

"பெட்டைக்கு ஒரு நியாயம், பொண்டாட்டிக்கு ஒரு நியாயமா?" என்று வந்தவர் முன்னாலேயே கேட்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கூண்டைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

"பறவை வேற, மனுஷன் வேற" என்றார் இவர்.

"எதுல வேற? சொல்லுங்க."

ஒரு கூண்டின் தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கினார். "எனக்குத் தெரியும். அவ பொறந்த அன்னைக்கே தெரியும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. நம்ம ரத்தத்துலயும் இருக்குன்னா தாங்க மாட்டாங்க. உன் பக்கத்துலேர்ந்து வந்ததாவே இருந்துட்டுப் போகட்டுமே."

சந்தேகப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே என்னை எரியவிட்டிருக்கிறார்.

பிள்ளையை அவர் கையில் திணித்தேன். "கெட்டியா பிடிங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

"அத்தை! வெளிய வாங்க. உங்க பிள்ளை இப்ப ஒரு விஷயம் சொன்னாரு."