ஒற்றைக் கொக்கி

“நான் இன்னும் உருண்டையே எடுக்கலையேண்ணே! நீங்க எதைக் கொடுத்து அனுப்புனீங்க?”

“கொக்கில தொங்குன பையைத்தான்மா” என்றார் கொடியாள்.

“அது அந்த வண்டி கொண்டுவந்த பை!”

கட்டுப்பாட்டு அறையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நிலைய மேலாளர், ஊதல் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தபோது நகரிடை விரைவு வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. கொடியாள் கையில் பச்சைக் கொடி இன்னும் விரிந்தே இருந்தது.

ஒற்றைப் பாதை அது. அடுத்த நிலையம் வரை பாதை காலி என்பதற்கு அத்தாட்சி, மேலாளர் கருவியிலிருந்து எடுத்துப் பைக்குள் போடும் பித்தளை உருண்டைதான். வந்த வண்டியின் பை இடது கொக்கியில், போகும் வண்டிக்கான பை வலது கொக்கியில். நூறு வருடமாக அப்படித்தான். நூற்றாண்டு விழாவுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் நேற்று ஒரு கொக்கியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். புறப்பாட்டு சிக்னலும் இரண்டு நாளாகப் பழுது. பையையும் கொடியையும் நம்பியே வண்டிகள் போய்வந்தன.

“எதிர்ல சரக்கு வண்டி கிளம்பி ஒம்பது நிமிஷம் ஆச்சுண்ணே.”

கொடியாள் வண்டி மறைந்த வளைவைப் பார்த்தார். முதல் பெட்டியில் ஒருவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலைச் சற்று முன்புதான் நிரப்பிக் கொடுத்திருந்தார். “சீக்கிரம்ணே, வண்டி போயிடும்” என்று அந்தப் பயணி சிரித்தது காதிலேயே நின்றது.

நிலைய மேலாளர் வாக்கி டாக்கியில் ஓட்டுநரைக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. வண்டி குன்றைத் தாண்டிவிட்டது. மறு கையால் அடுத்த நிலையத்தின் எண்ணைச் சுழற்றியபடியே கத்தினார்:

“நடுவுல ரயில்வே கேட் இருக்குல்ல? கேட்டுக்குப் போன் போடுங்க! இன்னும் மூணு நிமிஷத்துல வண்டி அங்க போயிடும்!”

கேட்டில் இருப்பது கொடியாளின் மனைவியுடைய தம்பி. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கொடியாள் மகளின் கல்யாணப் பந்தியில், “என் மச்சானுக்கு என்ன தெரியும்? மூடுவான், திறப்பான். கதவுக்கே அவனவிட வேலை ஜாஸ்தி” என்று இவர் வாய்க்கொழுப்பில் சொல்லப்போக, ஊரே சிரித்தது. மச்சான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனவன்தான். அதற்குப்பின் இவர் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுவான். கேட் செய்திகளை எல்லாம் மேலாளர்தான் சொல்லிவந்தார்.

“நீங்க பேசுங்கம்மா. என் குரலக் கேட்டா வெச்சிடுவான்.”

மேலாளர் திரும்பவில்லை. “சரக்கு வண்டிய நிறுத்த முடியுமா சார்? சார், கேக்குதா?” என்று இன்னொரு தொலைபேசியில் அலறிக்கொண்டிருந்தார்.

கொடியாள் கேட் தொலைபேசியை எடுத்தார். மணி அடித்தது. ஐந்து, ஆறு. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, அதையே பார்த்தார்.

“கேட்.”

கொடியாள் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு? மேடமா?”

“மச்சான்... நான்தான்.”

கொடியாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வெச்சிடாதடா. உன் கால்ல விழுறேன். ரெண்டு பக்கமும் வண்டி வருது, நான்தான் தப்பா அனுப்பிட்டேன். சத்தத்துல சரக்கு வண்டி நிக்குற மாதிரி, அது வர்ற பக்கம் தண்டவாளத்துல எச்சரிக்கை வெடிய கட்டிட்டு, சிவப்புக் கொடியோட எங்க பக்கமா ஓடு... மச்சான், ஓடுடா... இருக்கியா?”