பட்டமளிப்பு நாளும் ஊக்கு டப்பாவும்

"அம்மா, இதை நீயே படி. எனக்கு வாய் கூசுது" என்று சோல்வே கடிதத்தை இஸ்திரிப் பலகையின் மேல் போட்டாள்.

மார்லிஸ் ட்வெய்ட் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பலகையில் விரித்திருந்தது மறுநாள் பட்டம் வாங்க மகள் போட்டுக்கொள்ள வேண்டிய கறுப்பு அங்கி. ஒரு கை மட்டும் இன்னும் பாக்கி. கடிதம் ஹோல்ம்டால் லூத்தரன் பல்கலைக்கழகத்தின் டீனிடமிருந்து வந்திருந்தது. முதல் பத்தி முழுக்க நன்றி. இரண்டாவது முழுக்கப் பாராட்டு. மூன்றாவதில்தான் விஷயம் இருந்தது. பெற்றவர் ஆசிரியராக இருந்தால், மேடையேறித் தன் பிள்ளைக்குத் தானே பட்டம் கொடுக்கும் அருமையான வழக்கம் நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியது. தங்கள் வேண்டுகோளைக் குழு அன்போடு பரிசீலித்தது.

"அன்போடுன்னு எழுதிட்டாங்கன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றாள் மார்லிஸ்.

"பதினேழு வருஷமா அங்க பாடம் நடத்துற. தற்காலிகம்னா எத்தனை வருஷம்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

"கேட்டா அதுக்கும் ஒரு குழு போடுவாங்க."

வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அங்கியின் பாக்கிக் கையை இழுத்துத் தேய்த்தாள். இந்த ஒன்றைத்தான் அவள் பல வருடங்களாக மனதில் வைத்திருந்தாள். தனி அறை வேண்டும் என்றோ, கதவில் பெயர்ப்பலகை வேண்டும் என்றோ கேட்டவளில்லை. மகளின் கையில் அந்தப் பட்டச் சுருளைத் தன் கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹோல்ம்டாலில் யாரும் யாரையும் கடிந்து பேசுவதில்லை. மினசோட்டாவின் சோள வயல்களுக்கு நடுவே நூறு வருடங்களாக அந்தப் பல்கலைக்கழகம் பண்போடு நின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகத் தலைவர் ஆலயத்தில் பிரசங்கம் செய்வார்: மாட்டுக்கொட்டகை கூட்டுவதும் கடவுள் தந்த அழைப்புதான், பேராசிரியர் வேலையும் கடவுள் தந்த அழைப்புதான், அவர் முன்னால் இரண்டும் சமம். இதையேதான் மார்லிஸ் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக நடத்தினாள். அவள் வகுப்பில் உட்காராமல் அந்த ஊரில் யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது.

கடவுள் முன்னால் சமம்; விழாக்களில் ஆசிரியர்கள் அங்கியோடு போகும் ஊர்வலத்தில்தான் வரிசை. முழுப் பேராசிரியர்கள் முன்னே, இணைப் பேராசிரியர்கள் அடுத்து, உதவிப் பேராசிரியர்கள் கடைசியில். தற்காலிகங்களுக்குக் கடைசியிலும் இடமில்லை. பதினேழு வருடங்களுக்கு முன்பு யாரோ ஒருவர் அங்கிமேல் போட்டிருந்த பட்டுத் தோள்துண்டு நழுவியபோது மார்லிஸ் அதற்கு ஊக்கு குத்திவிட்டாள். அந்த ஊரில் ஒரு முறை உதவி செய்தால் ஆயுள் முழுக்க அது உங்கள் பொறுப்பு. அன்றிலிருந்து ஒரு காப்பி டப்பா நிறைய ஊக்குகளோடு பக்கவாசலில் நின்று, அறுபது பேரின் தோள்துண்டுகளை நேராக்கி ஊர்வலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அங்கேதான் நின்றாள்.

டீன் ஆர்லன் ப்ரெக்கே அவளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, "கடிதம் கிடைச்சுதா, மார்லிஸ்?" என்றார்.

"கிடைச்சுது."

"உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கொஞ்சம் அசையாம நில்லுங்க, குத்திடும்."

சோல்வேயின் பெயர் அழைக்கப்பட்டது. தலைவரிடம் கைகுலுக்கிச் சுருளை வாங்கிக்கொண்டாள். எல்லாரும் வலப்பக்கப் படியில் இறங்கினார்கள். அவள் இடப்பக்கம் இறங்கினாள். நேரே பக்கவாசலுக்கு வந்து, அம்மாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தரையில் வைத்தாள். சுருளை அந்தக் கையில் திணித்தாள்.

"இப்ப நீ குடு."

மார்லிஸ் சுருளை நிமிர்த்திப் பிடித்தாள். கொடுத்தாள்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மூன்றாம் வரிசையில் காது மந்தமான ஒரு விவசாயி, அடுத்தது ஞானப்பாட்டு போலிருக்கிறது என்று எழுந்து நின்றார். ஆலயப் பழக்கம், ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் வரிசை எழுந்தது. பின்வரிசைகள் எழுந்தன. மேடையில் இருந்த அறுபது பேரும் எழுந்தார்கள். கடைசியில் டீனும் வேறு வழியில்லாமல் எழுந்தார். எந்தப் பாட்டு என்று தெரியாமல் ஆயிரம் பேர் ஒரு தற்காலிக ஆசிரியைக்கு எழுந்து நின்றார்கள். பல்கலைக்கழகப் புகைப்படக்காரர் மட்டும் தன் வேலையைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை டீன் வீடு தேடி வந்தார். ஒரு கையில் அவர் மனைவி செய்த எலுமிச்சை இனிப்புத் துண்டுகள், இன்னொரு கையில் ஒரு படிவம்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. புது மாணவர் சேர்க்கைப் புத்தகத்துக்கு அட்டையில போடலாம்னு தலைவர் ஆசைப்படுறார். உங்க சம்மதம் மட்டும் வேணும்."

மார்லிஸ் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தோடு உங்கள் உறவு: மாணவர், ஆசிரியர், பணியாளர், நண்பர். பேனாவை எடுத்து, ஆசிரியர் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

டீன் எட்டிப் பார்த்தார். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே" என்றார். அந்த ஊரில் ஒருவரைத் திட்ட இதைவிடக் கடுமையான சொல் கிடையாது. "நண்பர்னு போட்டுடலாமே, மார்லிஸ். அது எவ்வளவு பெரிய வார்த்தை."

"பெரிய வார்த்தைதான். அப்போ பதினேழு வருஷமா உங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினது யாரு? பக்கத்து வீட்டு நண்பரா?"

"குழுகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. நான் எங்கயும் போயிடல."

தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை முழுதாக எடுப்பது அங்கே பெரிய அநாகரிகம். டீன் மரியாதையாகப் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். மிச்சப் பாதியில் அவள் பாதியை வெட்ட வேண்டும், அதுதான் முறை. மார்லிஸ் அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். டீன் படிவத்தை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. அட்டையில் முகங்கள் இல்லை. ஒரு சுருள், அதைக் கொடுக்கும் ஒரு கை, வாங்கும் ஒரு கை. முகம் தெரியாத படத்துக்குச் சம்மதம் தேவையில்லை என்று குழு கண்டுபிடித்திருந்தது. ஆனால் கொடுக்கும் கையின் சட்டை மடிப்பில் அவசரத்துக்கு என்று அவள் எப்போதும் செருகி வைக்கும் மூன்று ஊக்குகள் பளிச்சென்று தெரிந்தன. கீழே வாசகம்: ஹோல்ம்டாலில் ஓர் ஆசிரியை தன் மகளுக்குப் பட்டம் கொடுக்கிறார். இங்கே நாம் ஒரே குடும்பம்.

அதே தபாலில் அரையாண்டுக்கு ஒன்றாக வரும் தற்காலிக நியமனக் கடிதங்களில் அவளுடைய முப்பத்தைந்தாவதும் இருந்தது.

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு உட்கார்ந்து, நிரந்தரப் பதவி கேட்டு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினாள். அட்டையைக் கிழித்து, நான் ஆசிரியை என்பதற்குப் பல்கலைக்கழகமே அச்சடித்த சான்று என்று ஓரத்தில் குறித்து, ஓர் ஊக்கால் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தினாள். காப்பி டப்பாவையும் டீன் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

செப்டம்பர் ஆராதனைக்கு அவள் பக்கவாசலில் நிற்காமல் முதல் முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊர்வலம் வந்தது. பீடத்தை அடைவதற்குள் ஒன்பது பேருடைய தோள்துண்டு சரிந்துவிட்டது. "இங்கே பெரிய வேலை, சின்ன வேலை என்று ஒன்றுமில்லை" என்று தலைவர் கையை உயர்த்தியபோது அவருடையது நழுவித் தரையில் விழுந்தது. நிரந்தர ஆசிரியர்கள் அறுபது பேரில் ஓர் ஊக்கை ஒழுங்காகக் குத்தத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

டீன் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, சபை முழுக்கத் தேடி அவளைக் கண்டுபிடித்தார். இங்கே வாருங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

மார்லிஸ் அந்த வேண்டுகோளை அன்போடு பரிசீலித்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.