வாசலோடு நிற்பவர்கள்

அந்த ஊரில் எல்லோர் தோளிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு சாண் உயரம்; தோளாள் என்று பேர். சிலருடைய தோளாள் வெயிலை மங்கலாக்குவார். சிலருடையவர் விளம்பரங்களை வழியிலேயே பிடித்து மென்றுவிடுவார். தளவாயின் தோளில் இருந்த குற்றாலத்துக்குத் திருத்தல் வேலை. தளவாய் உளறுவதையெல்லாம், எதிராளியின் காதை எட்டுமுன் நறுக்கிச் சீராக்கி அனுப்புவார். அந்தப் பேச்சழகில் மயங்கித்தான் இசக்கி என்ற பெண் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள்.

கல்யாணத்தைப் பதிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார்கள். தளவாய் வாசற்படியை மிதித்ததும் குற்றாலம் சாம்பல் நிறமாகிச் சறுக்கி இறங்கினார். அது வழக்கம்தான். சொத்தும் கல்யாணமும் பதிகிற இடத்தில் தோளாட்களுக்கு அனுமதி இல்லை. ஒருத்தி ‘மாட்டேன்’ என்று சொன்னது அதிகாரியின் காதில் ‘சரி’ என்று விழுந்துவிடக் கூடாதல்லவா? குற்றாலமே இந்த ஏற்பாட்டைப் பலமுறை மெச்சியிருக்கிறார். இன்றைக்குத்தான் அது அவரை வேர்க்க வைத்தது.

செருப்புகளுக்குப் பக்கத்தில் இசக்கியின் தோளாள் கோமதி அதே சாம்பல் நிறத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒலி குறைக்கும் வேலை.

“என்ன, உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“எங்காளு வாயைத் திறந்தா கல்யாணம் நின்னுரும்மா. அவரு சொந்தமாப் பேசி இந்தப் பொண்ணு கேட்டதே இல்ல.”

“எங்க பொண்ணு சிரிச்சு உங்காளு கேட்டிருக்காரா? நான்தான் குறைச்சுக் குறைச்சு விடுதேன்.”

ஜன்னல் திறந்திருந்தது. சம்மதமா என்று உள்ளே அதிகாரி கேட்டார். குற்றாலம் பழக்கதோஷத்தில் விரல்களைக் கத்தரிக்கோலாக விரித்தார். அவை காற்றைத்தான் வெட்டின.

“சம்மதம்னா ரொம்பச் சம்மதம் சார்,” என்றான் தளவாய். “இவ தும்முனா எனக்குச் சளி பிடிக்குது, அவ்வளவு பிரியம். நேத்து இவ வீட்டு நாய்க்குக்கூட வணக்கம் வச்சேன். அது திருப்பி வைக்கல. பரவாயில்ல, பெரிய இடம்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று குற்றாலம் கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேசை மேலிருந்த ரப்பர் முத்திரை துள்ளி, சரியான இடத்தில் விழுந்தது. தெருவில் பழுதாகி நின்ற மினி பஸ் கிளம்பிப் போனது.

“இத்தனை நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“நீ இந்தச் சிரிப்ப எங்க வச்சிருந்த?”

குற்றாலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு வருஷமாக நறுக்கித் தள்ளியதில் எத்தனை நல்ல சரக்கு!

மாலையோடு வெளியே வந்த தளவாயும் இசக்கியும் குனிந்து தோளைக் காட்ட மறந்து, பேசிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கோமதி திரும்பினாள்.

“நீங்களும் சொந்தமா ஏதாவது சொல்லுங்களேன்.”

அவர் சொன்னார். உளறல்தான். அவள் துளியும் குறைக்காமல் சிரித்தாள். இருவருக்கும் நிறம் திரும்பியது. அடுத்தவர் தோளில் வராமல் சொந்தக் காலில் வருகிறவர்களுக்குத் தடை இல்லை என்று வாசல் காவலாளி வழிவிட்டார்.

தங்கள் கல்யாணத்தையும் பதியக் கைகோத்துக்கொண்டு படியேறினார்கள். வாசற்படியை மிதித்ததும் குற்றாலத்தின் தோளிலிருந்து கடுகளவு ஒருவர் சாம்பல் நிறமாகிச் சறுக்கி இறங்கி, செருப்புகளுக்குப் பக்கத்தில் வேர்க்க வேர்க்க நின்றுகொண்டார்.