இரண்டு கம்மலும் ஒரே மட்டம்

விடுதியின் வரவேற்பு மேசைக்காரிக்கு வலது காதுச் சோணை தனியாகத் தொங்கும். இடது சோணை கன்னத்தோடு ஒட்டிக் கிடக்கும். இத்தனை வயதுக்கும் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை, கட்டிய கணவன் உட்பட. புது மேலாளர் வந்தார். சீருடையோடு தொங்கல் கம்மலும் கட்டாயம் என்றார். இடது கம்மல் மேலேயும் வலது கம்மல் கீழேயும் ஆடுவதைக் கண்டு, கட்டடமே சாய்ந்ததுபோல் பதறிப்போனார்.

"விருந்தாளி முதல்ல பாக்கிறது உங்க காதைத்தாம்மா. மட்டமா இல்லேன்னா சலவைக்குப் போயிடுங்க."

சலவைப் பிரிவு நிலவறையில் இருந்தது. அந்த நீராவியில் அவளுக்கு மூச்சு இழுக்கும். போன முறை அங்கே போட்டபோது மருந்துக் குழாயும் கையுமாகத்தான் அலைந்தாள். அதனால் இடது காதில் சற்றுக் கீழே புது ஓட்டை போடச் சம்மதித்தாள்.

காது குத்தும் கடைக்கு மேலாளரே அளவுகோலோடு வந்துவிட்டார். புள்ளி வைக்கும் திருப்பணியை வேறு யாரிடம் நம்பிக் கொடுப்பது? இரட்டை ஷிப்ட் முடித்து வந்தவள் நாற்காலியில் சாய்ந்ததும் கண் சொருகியது. தலை இடப்பக்கம் சரிந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கியே பல வருடம் பேசிய கழுத்து. மேலாளர் அந்தத் தலையை நிமிர்த்தாமலே, வலது ஓட்டைக்கு நேராக அளவுகோலைக் கிடையாகப் பிடித்து இடது காதில் புள்ளி வைத்தார். புள்ளி பழைய ஓட்டைக்கும் மேலே விழுந்தது.

"சார், கீழ போடத்தானே வந்தோம்?"

"அளவுகோல் பொய் சொல்லுமாம்மா?"

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. குத்தியாயிற்று.

மறுநாள் மேசையில் நிமிர்ந்து நின்றாள். ஏற்ற இறக்கம் முன்னைவிட மோசம். அன்று பார்த்து முதலாளி வருகிற நாள். மேலாளர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். தப்பு தன்னுடையது என்று சொல்ல அவர் வாய் பழகியதில்லை.

"தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்ங்க... இன்னும்... ஆங், அப்படியே நில்லுங்க!"

கம்மல்கள் மட்டமாயின. அரைமணி நேரத்தில் 'வரவேற்புச் சாய்வு' என்றொரு விதி பிறந்தது: மேசையில் நிற்பவர்கள் எல்லாரும் பணிவாகத் தலை சாய்க்க வேண்டும். முதலாளி அதைக் கண்டு உருகி, மற்றக் கிளைகளுக்கும் உத்தரவிட்டார்.

மேசையில் பக்கத்தில் நின்ற இளைய ஊழியை பல்லைக் கடித்தாள்.

"ஏங்க்கா, உங்க காதுக்கு என் கழுத்து என்ன பாவம் பண்ணுச்சு?"

"பேசாம சாயிடி. கீழ சலவைக்குப் போனாத்தான் மூச்சு நிக்கும். இங்க கழுத்து மட்டுந்தான் வலிக்குது."